ஓடும் சர்வரில் செட்டிங்கை மாற்றலாமா?

(மூன்றாம் ஆண்டு, கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்)



வகுப்பில் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது. காற்று அதிகமாக இருக்கிறது என்றால் என்ன செய்கிறோம்? ஃபேனைக் கழற்றி மோட்டாருக்குத் திரும்ப வைண்டிங் போடுகிறோமா? இல்லையே! சுவரில் இருக்கும் ரெகுலேட்டரை ஒரு புள்ளி குறைக்கிறோம். அவ்வளவுதான். ஃபேன் நிற்பதுகூட இல்லை.

ஒரு வெப் அப்ளிகேஷனில் இந்த ரெகுலேட்டர் செய்யும் வேலையைச் செய்வதற்குப் பெயர்தான் ரன்டைம் செட்டிங். புரோகிராமைத் திறக்காமல், சர்வரை நிறுத்தாமல், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு மதிப்பை மாற்றுவது.

அந்த ரெகுலேட்டரில் இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். அதில் 1 முதல் 5 வரைதான் இருக்கிறது. யார் எவ்வளவு முறுக்கினாலும் 50-க்குப் போகாது. செய்தவர் முன்கூட்டியே யோசித்துப் போட்ட தடை அது. நாம் ஃபைனல் இயர் புராஜெக்டில் 'அட்மின் பேனல்' என்று ஒரு பக்கம் போட்டு, நாலு டெக்ஸ்ட் பாக்ஸும் ஒரு 'சேவ்' பட்டனும் வைத்து விடுகிறோமே, அதில் அந்தத் தடை இருக்கிறதா? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

எங்கள் பேட்ச் எடுத்த புராஜெக்ட் ஹாஸ்டல் மெஸ் கணக்கு. ஜாங்கோவில் எழுதினோம், டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். நாள் ரேட், ஊருக்குப் போகிறவர்கள் லீவ் சொல்ல வேண்டிய கடைசி நேரம், தாமதமாகக் கட்டினால் ஃபைன், இந்த மூன்றையும் டெபுடி வார்டனே மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டதென்னவோ மூன்றே மூன்று மதிப்பு. அதைச் சரியாகச் செய்யப் புகுந்தபோது நான் தெரிந்துகொண்டவற்றை அடுத்த பேட்ச் நண்பர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

எது எங்கே இருக்க வேண்டும்?

எல்லா மதிப்பையும் மாற்ற வைப்பது புத்திசாலித்தனம் இல்லை. முதலில் பிரிக்க வேண்டும். மூன்று இடங்கள் இருக்கின்றன.

முதல் இடம், புரோகிராமுக்குள்ளேயே. வாரத்துக்கு 7 நாள், ரூபாய்க்கு 100 பைசா. இவை மாறப் போவதில்லை. மாறினால் புரோகிராமே மாற வேண்டும். இவற்றை அட்மின் பக்கத்தில் வைப்பது வேண்டாத வேலை.

இரண்டாவது இடம், சர்வர் கிளம்பும்போது மட்டும் படிக்கும் ஃபைல் அல்லது என்விரான்மென்ட் வேரியபிள். டேட்டாபேஸ் எந்த மெஷினில் இருக்கிறது, அதன் பாஸ்வேர்ட் என்ன, மெயில் அனுப்பும் கணக்கின் ரகசியச் சாவி எது என்பதெல்லாம் இங்கே. டேட்டாபேஸின் விலாசத்தை டேட்டாபேஸுக்குள்ளேயே வைத்தால், அதைப் படிக்க எந்த விலாசத்துக்குப் போவது? பீரோ சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டின கதைதான். அதோடு, ரகசியங்களை அட்மின் ஸ்கிரீனில் காட்டுவது, பின்னால் நிற்கிறவருக்கும் சேர்த்துக் காட்டுவது ஆகும்.

மூன்றாவது இடம், டேட்டாபேஸ் டேபிள். புரோகிராம் எழுதியவர் இல்லாமல், அலுவலகத்தில் இருப்பவர் தீர்மானிக்க வேண்டிய விஷயங்கள் மட்டும் இங்கே வரவேண்டும். நாள் ரேட்டைத் தீர்மானிப்பது மெஸ் கமிட்டி. அப்படியானால் அது இங்கே.

ஒரு மதிப்பு எங்கே போக வேண்டும் என்று குழப்பம் வந்தால் நான் கேட்கிற கேள்வி இதுதான்: இதை மாற்ற உரிமை யாருக்கு? புரோகிராமருக்கா, சர்வரைப் பார்த்துக்கொள்பவருக்கா, அலுவலகத்துக்கா? பதிலிலேயே இடமும் தெரிந்துவிடும்.

'ஒரு குளோபல் வேரியபிள் போட்டா முடிஞ்சுது!'

வகுப்பில் இதைச் சொன்னதும் ஒரு நண்பன் கேட்டான்: "ஏன்டா, நாள் ரேட்டை ஒரு குளோபல் வேரியபிள்ல வச்சுட்டு, வார்டன் சேவ் பண்ணும்போது அதை மாத்திட்டா போதாதா?"

லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தால் போதும் போலத்தான் தெரியும். உண்மையான சர்வரில் போதாது. காரணம் இதோ.

ஜாங்கோ அப்ளிகேஷனை சர்வரில் ஓட்ட 'கூனிகார்ன்' போன்ற ஒன்றைப் பயன்படுத்துகிறோம். அது ஒரே ஒரு புரோகிராமாக ஓடுவதில்லை. பல 'வொர்க்கர்' பிராசஸ்களைக் கிளப்புகிறது. பிராசஸர் கோர் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள் என்பது அதன் கையேட்டில் உள்ள ஆரம்ப யோசனை. 2 கோர் இருந்தால் 5 வொர்க்கர். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மெமரி. வார்டனின் ரெக்வெஸ்ட் 3-ஆம் வொர்க்கருக்குப் போனால் அதன் வேரியபிள் மட்டும்தான் மாறும். மற்ற நாலு பேருக்கும் பழைய ரேட்தான்.

விளைவு? ஒரு மாணவன் பக்கத்தைத் திறக்கிறான். ரேட் 120 என்று காட்டுகிறது. ரெஃப்ரெஷ் பண்ணுகிறான், 110. மறுபடி பண்ணினால் 120! சர்வரை ரீஸ்டார்ட் செய்துவிட்டால் எல்லாமே 110. பி.எச்.பி.யில் கதை இன்னும் சுருக்கம்: ஒரு ரெக்வெஸ்ட் முடிந்ததும் அதன் வேரியபிள்கள் எல்லாம் போய்விடும். ஜாங்கோவின் கையேடும் தெளிவாகச் சொல்கிறது, ஓடும்போது செட்டிங்ஸ் ஃபைலின் மதிப்புகளை மாற்றாதீர்கள் என்று.

ஆகவே, எல்லா பிராசஸுக்கும் பொதுவான ஓர் இடத்தில்தான் மதிப்பு இருக்க வேண்டும். நமக்கு அது டேட்டாபேஸ்.

டேபிளை எப்படிப் போடுவது?

பெயர் ஒரு பத்தி, மதிப்பு ஒரு பத்தி என்று இரண்டே பத்தியில் டேபிள் போடுவதுதான் பலரும் செய்வது. சுலபமானது. ஆனால் மதிப்பு எல்லாம் எழுத்தாகத்தான் (ஸ்ட்ரிங்) உட்காரும். இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது.

'ஆன்லைன் பேமென்ட் வேண்டுமா' என்ற செட்டிங்கில் வார்டன் 'ஃபால்ஸ்' என்று போடுகிறார். அது ஐந்தெழுத்து ஆங்கில வார்த்தையாக டேபிளில் உட்காருகிறது. பைத்தானில் காலியாக இல்லாத எந்த ஸ்ட்ரிங்கும் 'ட்ரூ' என்றுதான் கணக்கு. 'ஃபால்ஸ்' என்ற வார்த்தையும் காலி இல்லையே! ஆக, 'வேண்டாம்' என்று போட்டால் 'வேண்டும்' என்று ஓடும். எந்த எரர் மெசேஜும் வராது.

இதற்கு வழி, ஒவ்வொரு செட்டிங்குக்கும் ஒரு ஜாதகம் எழுதி வைப்பது. அந்த ஜாதகம் புரோகிராமில் இருக்கட்டும். மதிப்பு மட்டும் டேபிளில் இருக்கட்டும். ஜாதகத்தில் இவை வேண்டும்:

1. பெயர். அலகும் பெயரிலேயே தெரிய வேண்டும். 'கடைசி நேரம்' என்று வைத்தால் மணியா, நிமிஷமா என்று யாருக்குத் தெரியும்? 'எத்தனை மணி நேரம் முன்பு' என்று வையுங்கள்.

2. வகை. முழு எண்ணா, ஆமாம்-இல்லையா, தேதியா? பணத்தை ஃப்ளோட்டில் வைக்காதீர்கள்; பைசாவாக முழு எண்ணில் வையுங்கள், இல்லையென்றால் டெசிமல் வகையில் வையுங்கள்.

3. எல்லை. நாள் ரேட் 50-க்குக் கீழும் 250-க்கு மேலும் போகக்கூடாது. 110 அடிக்கப்போய் கை தவறி 1100 என்று விழுந்தால், 30 நாளைக்கு 33,000 ரூபாய் பில். அதைப் பார்க்கிற பையனின் வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

4. வழக்கமான மதிப்பு. டேபிளில் அந்த வரியே இல்லாவிட்டாலும் புரோகிராம் ஓட வேண்டும்.

5. ஒரு வரி விளக்கம். இது என்ன, மாற்றினால் யாருக்கு என்ன ஆகும் என்று சாதாரணத் தமிழில்.

இந்த ஜாதகம் இருந்தால் அட்மின் ஸ்கிரீனைக் கையால் எழுத வேண்டியதே இல்லை. ஆமாம்-இல்லை என்றால் செக் பாக்ஸ், தேதி என்றால் காலண்டர் என்று அதை வைத்தே தானாக வரவழைத்து விடலாம். ஜாங்கோவுக்கு 'கான்ஸ்டன்ஸ்' என்ற பேக்கேஜ் ஏறத்தாழ இதே வேலையைச் செய்கிறது. ஆனால் ஒரு தடவை கையால் எழுதிப் பார்த்தால்தான் உள்ளே நடப்பது புரியும். வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்கும்போதும் உதவும்!

ஒரு கோடு செய்த வேலை

எண்ணுக்கு எல்லை போட்டுவிட்டோம். எழுத்துக்கு?

2009 ஜனவரி 31. சனிக்கிழமை, நம்மூர் நேரத்துக்கு ராத்திரி 8 மணி வாக்கில், கூகுளில் எதைத் தேடினாலும், எந்தத் தளத்தின் பெயர் வந்தாலும், 'இந்தத் தளம் உங்கள் கம்ப்யூட்டருக்குக் கெடுதல் செய்யலாம்' என்று எச்சரிக்கை வந்தது. உலகத்திலுள்ள எல்லா வெப்சைட்டும் ஒரே நேரத்தில் கெட்டுப்போய்விட்டதா?

நடந்தது இதுதான். கெடுதலான தளங்களின் விலாசங்களை கூகுள் ஒரு பட்டியலாக வைத்திருந்தது. அவ்வப்போது அதைப் புதுப்பித்து சர்வர்களுக்கு அனுப்புவார்கள். அன்றைக்கு வந்த பட்டியலில் வெறும் '/' என்ற ஒரு சாய்கோடு ஒரு விலாசமாக உட்கார்ந்துவிட்டது. அந்தக் கோடு எல்லா விலாசத்துக்கும் பொருந்தும். அதனால் எல்லாத் தளமும் கெட்ட தளம் ஆகிவிட்டது. சரிசெய்யும் வரை ஏறத்தாழ 40 நிமிஷம் இந்தக் கூத்து நடந்ததாக கூகுளே அறிவித்தது.

புரோகிராமில் ஓர் எழுத்துகூட மாறவில்லை நண்பர்களே. மாறியது பட்டியல் மட்டும். அந்தக் கோடு எழுத்தாகப் பார்த்தால் சரியான எழுத்துதான், அர்த்தத்தில்தான் தப்பு. ஆகவே வகையும் எல்லையும் சரிபார்த்தால் மட்டும் போதாது. 'இதை ஏற்றுக்கொண்டால் எத்தனை பேருக்குப் பொருந்தும்?' என்று சேவ் செய்வதற்கு முன் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.

எங்கள் மெஸ் புராஜெக்டில் இதைச் செய்வது சுலபமாகவே இருந்தது. சேவ் அழுத்தியதும் உடனே சேவ் ஆகாது. 'பழைய ரேட் 110. புதிய ரேட் 120. இந்த மாற்றம் 312 மாணவர்களைப் பாதிக்கும். சரியா?' என்று ஒரு பக்கம் வரும். பெரிய எண்ணைக் கண்ணால் பார்த்தால் யாருக்கும் கை ஒரு நொடி நிற்கும்.

படிக்கும்போது கவனிக்க வேண்டியவை

ஒரு பக்கம் காட்டுவதற்குள் 10 இடத்தில் செட்டிங் தேவைப்படலாம். ஒவ்வொரு தடவையும் டேட்டாபேஸைக் கேட்டால், மாதத் தொடக்கத்தில் 300 பேர் பில் பார்க்கும்போது 3,000 கேள்வி. தேவையா?

எல்லா செட்டிங்கையும் ஒரே கேள்வியில் எடுத்து, கேஷில் வைத்துக்கொள்ளலாம். (கல்லாப் பெட்டியில் இருக்கும் கேஷ் இல்லை, இது தற்காலிக நினைவகம்!) ஆனால் கேஷ் வந்தால் கூடவே ஒரு தலைவலியும் வரும். ஜாங்கோவில் நாம் எதுவும் சொல்லாவிட்டால் கிடைக்கும் கேஷ், பிராசஸுக்கு ஒன்று என்று தனித்தனியானது. வார்டன் மாற்றியதும் ஒரு வொர்க்கர் தன் கேஷைத் துடைத்துவிடும்; மற்றவை பழசையே சொல்லிக்கொண்டிருக்கும். திரும்பவும் குளோபல் வேரியபிள் கதைதான்.

தீர்வு இரண்டு. ஒன்று, கேஷுக்கு 30 விநாடி ஆயுள் வைப்பது. அட்மின் ஸ்கிரீனிலேயே 'மாற்றம் 30 விநாடிக்குள் அமலுக்கு வரும்' என்று எழுதிவிடுவது. எழுதாவிட்டால், மாறவில்லையே என்று அவர் திரும்பத் திரும்ப அழுத்துவார். இரண்டு, ஒரு 'பதிப்பு எண்' வைப்பது. எந்த செட்டிங் மாறினாலும் அந்த எண்ணில் ஒன்று கூடும். ஒவ்வொரு ரெக்வெஸ்டின் தொடக்கத்திலும் அந்த ஒரு எண்ணை மட்டும் பார். மாறியிருந்தால் எல்லாவற்றையும் புதிதாக எடு. நாங்கள் இரண்டாவதைத்தான் செய்தோம்.

'தொடக்கத்தில்' என்று சொன்னதைக் கவனித்தீர்களா? ஒரு ரெக்வெஸ்ட் முடியும் வரை ஒரே நகலைத்தான் பார்க்க வேண்டும். பில்லின் மேல்பாதியை 110 ரூபாயிலும் கீழ்பாதியை 120 ரூபாயிலும் போட்டுவிட்டால், கூட்டல் எந்தக் காலத்திலும் ஒத்துவராது.

மதிப்பே கெட்டுப்போனால்?

எத்தனை தடை போட்டாலும் என்றைக்காவது ஒரு கெட்ட மதிப்பு உள்ளே வந்துவிடும். அப்போது புரோகிராம் என்ன செய்ய வேண்டும்?

2010 செப்டம்பர் 23 அன்று ஃபேஸ்புக் சுமார் இரண்டரை மணி நேரம் பலருக்குக் கிடைக்கவில்லை. அவர்களிடம் ஒரு தானியங்கி ஏற்பாடு இருந்தது: கேஷில் உள்ள செட்டிங் தப்பாக இருந்தால், டேட்டாபேஸில் உள்ள மூலப் பிரதியைப் படித்துச் சரிசெய்துகொள்ளும். நல்ல யோசனைதான். ஆனால் அன்றைக்கு மூலப் பிரதியே தப்பான மதிப்பாக மாற்றப்பட்டிருந்தது. ஒவ்வொரு மெஷினும் 'தப்பு, சரிசெய்கிறேன்' என்று டேட்டாபேஸுக்கு ஓடியது. விநாடிக்கு லட்சக்கணக்கான கேள்விகள். டேட்டாபேஸ் திணறிப் பதில் சொல்ல முடியாமல் போனதும், அந்த எரரையும் 'தப்பான மதிப்பு' என்றே எடுத்துக்கொண்டு மறுபடி கேட்டன. கடைசியில் அந்த டேட்டாபேஸுக்குப் போகும் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டியதாயிற்று. அதாவது தளத்தையே நிறுத்தினார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆட்களை உள்ளே விட்டார்கள்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது: புதிய மதிப்பு கெட்டதாக இருந்தால், கடைசியாகச் சரியாக இருந்த மதிப்பை வைத்து ஓட்டு, பொறுப்பானவருக்கு ஒரு மெசேஜ் அனுப்பு, திரும்பத் திரும்பப் போய்க் கதவைத் தட்டாதே.

பழைய பில்லைத் தொடாதே!

இது கம்ப்யூட்டர் விஷயம் போலத் தெரியாது. ஆனால் மிக அதிகமாக நடக்கும் குளறுபடி இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

15-ஆம் தேதி ரேட்டை 110-லிருந்து 120 ஆக மாற்றுகிறார்கள். புரோகிராம் எப்போதும் 'இன்றைய ரேட் இன்டு நாட்கள்' என்று கணக்குப் போடுகிறது. அப்படியானால் 1-ஆம் தேதி சாப்பிட்ட இட்லிக்கும் புதிய ரேட். அது மட்டுமா? போன வருஷம் கட்டி முடித்த பில்லைத் திறந்து பார்த்தால் அதிலும் 120! 'பாக்கி இருக்கிறது' என்று காட்டும்.

நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாற்றப்பட்டன, 12 சதவீதம் இருந்த பல பொருள்கள் 5 சதவீதத்துக்கு வந்தன. அன்று காலை ஒரு கடையின் சாஃப்ட்வேரில் 12-ஐ 5 ஆக மாற்றிவிட்டு, 20-ஆம் தேதி போட்ட பில்லை மறுபடி அச்சடித்தால் அதில் 12 தான் வர வேண்டும். 5 வந்தால் கணக்கே பொய்.

வழி இரண்டு உண்டு. இரண்டையும் சேர்த்தே செய்யலாம். முதலாவது, பணம் சம்பந்தப்பட்ட செட்டிங்குக்கு 'எந்தத் தேதியிலிருந்து' என்று ஒரு பத்தி சேர்ப்பது. பழைய வரியை அழிக்காமல் புதிய வரியை அடியில் எழுதுவது. இரண்டாவது, பில் போடும்போது அன்றைய ரேட்டை அந்தப் பில்லிலேயே பதிந்துவிடுவது. தேதி வைத்துவிட்டால் இன்னொரு லாபமும் உண்டு: அடுத்த மாத ரேட்டை இப்போதே போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம், 1-ஆம் தேதி நள்ளிரவில் யாரும் விழித்திருக்க வேண்டாம்.

வெளியே ஒரு கதவு

வேர்ட்பிரஸில் தளம் நடத்துகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அதன் செட்டிங்ஸ் பக்கத்தில் தளத்தின் விலாசத்தையே மாற்றும் ஒரு பெட்டி இருக்கிறது. அந்த மதிப்பு டேட்டாபேஸில் உள்ள ஒரு டேபிளில் போய் உட்காரும். அதில் ஓர் எழுத்துத் தப்பாகப் போட்டு சேவ் செய்தால், அட்மின் பக்கத்துக்கே திரும்பப் போக முடியாமல் மாட்டிக்கொள்ளலாம். தப்பைத் திருத்தும் பக்கமே தப்பான விலாசத்துக்குப் போய்விடுகிறதே!

ஆனால் அதைச் செய்தவர்கள் வெளியே ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். சர்வரில் இருக்கும் கான்ஃபிக் ஃபைலில் சரியான விலாசத்தை இரண்டு வரியாக எழுதினால், டேபிளில் என்ன இருந்தாலும் ஃபைலில் இருப்பதே செல்லும். நம் புராஜெக்டிலும் இப்படி ஓர் ஏற்பாடு வேண்டும். தன்னையே பூட்டிக்கொள்ளக்கூடிய செட்டிங் எது எது என்று முதலிலேயே பட்டியல் போட்டு, அவற்றுக்கு வெளியிலிருந்து திறக்கும் வழி வையுங்கள்.

யார் மாற்றினார்கள்?

நண்பர்களே, இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான்.

எனக்குத் தெரிந்த சீனியர் அண்ணன் ஒருவர். டிப்ளமோ முடித்து ஆன்லைனில் பொருள் விற்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. '500 ரூபாய்க்கு மேல் வாங்கினால் டெலிவரி இலவசம்' என்ற செட்டிங் ஒரு நாள் 50 ஆகியிருந்தது. மூன்று நாள் யாரும் கவனிக்கவில்லை. நஷ்டம் தெரிந்ததும் யார் மாற்றியது என்று விசாரணை. நாலு பேரிடம் ஒரே அட்மின் பாஸ்வேர்ட். டேபிளில் இருந்ததோ 50 என்ற எண் மட்டும். யார், எப்போது, எதற்கு என்று ஒரு வரி கிடையாது. கடைசியில் "புதுப் பையன்தான் தெரியாம பண்ணியிருப்பான்" என்று முடிவாயிற்று. அண்ணன் சொன்னார்: "நான் மாத்தலைடா தம்பி. ஆனா மாத்தலைன்னு காட்ட எங்கிட்ட என்ன இருக்கு?"

டிப்ளமோ முடித்த நாம்தான் பெரும்பாலும் அந்த ஸ்கிரீன் முன்னால் உட்காரப் போகிறோம். ராத்திரி ஷிஃப்டும் நமக்குத்தான். அதனால் மாற்றப் பதிவேடு என்பது யாரையோ பிடித்துக்கொடுக்கும் போலீஸ் வேலை என்று நினைக்காதீர்கள். அது நமக்கான சாட்சி.

பதிவேட்டுக்கு இவ்வளவு போதும்: எந்த செட்டிங், பழைய மதிப்பு, புதிய மதிப்பு, யார், எப்போது, என்ன காரணம். மதிப்பை மாற்றுவதும் பதிவேட்டில் எழுதுவதும் ஒரே டிரான்ஸாக்ஷனில் நடக்க வேண்டும். நடந்தால் இரண்டும், இல்லாவிட்டால் இரண்டும் இல்லை. பதிவேட்டில் சேர்க்கலாம், திருத்தவோ அழிக்கவோ கூடாது. பழைய மதிப்புக்குத் திரும்பினால் அதுவும் ஒரு புதிய வரியாகவே விழ வேண்டும். ஆளுக்கு ஒரு லாகின் கட்டாயம். பொது பாஸ்வேர்ட் இருக்கிற இடத்தில் பதிவேடு இருந்தும் பயன் இல்லை.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் மாற்றினால்? வார்டன் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறார். அதற்குள் டெபுடி வார்டன் ஃபைனை மாற்றிவிடுகிறார். வார்டன் திரும்பி வந்து, பழைய எண்களோடு சேவ் அழுத்தினால் டெபுடி வார்டன் செய்தது சத்தமில்லாமல் அழிந்துவிடும். இதற்கும் முன்னால் சொன்ன பதிப்பு எண்ணே கைகொடுக்கும். பக்கத்தைத் திறந்தபோது இருந்த எண் இப்போதும் அதேவா என்று பார். மாறியிருந்தால் 'இடையில் வேறொருவர் மாற்றியிருக்கிறார், பார்த்துவிட்டுத் தொடருங்கள்' என்று சொல்.

கொஞ்சம் கொஞ்சமாக

பெரிய இடங்களில் செட்டிங் மாற்றம் சில விநாடிகளில் உலகம் முழுக்கப் போய்விடுகிறது. அதுவே ஆபத்து. 2025 நவம்பர் 18 அன்று கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தில் ஒரு டேட்டாபேஸ் அனுமதியை மாற்றப்போய், தானாக உருவாகும் ஒரு ஃபைலில் வரிகள் இரட்டித்தன. அதைப் படிக்கும் புரோகிராமில் 200 என்று ஒரு எல்லை இருந்தது. எல்லை மீறியதும் புரோகிராம் நின்றுபோயிற்று. அவர்களை நம்பியிருந்த ஏராளமான தளங்கள் பல மணி நேரம் தடுமாறின. மனிதர் டெக்ஸ்ட் பாக்ஸில் அடிப்பதை நாம் சந்தேகத்தோடு பார்க்கிறோம். நம் கம்ப்யூட்டரே தயாரித்த ஃபைலையும் அதே சந்தேகத்தோடு பார்க்க வேண்டும் என்பது இதில் உள்ள பாடம். புதிய மதிப்பை முதலில் ஒரு சர்வரில் மட்டும் கொடுத்துப் பார்த்து, நன்றாக ஓடினால் மற்றவற்றுக்குக் கொடுப்பதே நல்லது.

நமக்கு இருப்பது ஒரே சர்வர்தானே என்கிறீர்களா? சரி, ஒரு ஹாஸ்டல் பிளாக்குக்கு மட்டும் முதலில் அமல்படுத்துங்கள். தத்துவம் ஒன்றுதான்.

முடிவாக...

ஒரு மதிப்பை மாற்ற வசதி செய்து கொடுப்பது ஒரு மணி நேர வேலை. டெக்ஸ்ட் பாக்ஸ், பட்டன், முடிந்தது. மாற்றியதைப் பழையபடி ஆக்கும் வழியும், யார் மாற்றினார்கள் என்ற சாட்சியும் கூடவே இருந்தால்தான் அதைப் பொறியியல் என்று சொல்லலாம். இல்லாவிட்டால், விளிம்பில்லாத ரெகுலேட்டரை வைத்துவிட்டு வருகிறவர் போகிறவர் எல்லாம் முறுக்கட்டும் என்று விட்டமாதிரி.

உங்கள் புராஜெக்டை வைவாவுக்குக் கொண்டு போவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். செட்டிங் பக்கத்தைத் திறந்து, வகுப்பிலேயே மிகவும் குறும்பான நண்பனிடம் கொடுங்கள். "பத்து நிமிஷம் டைம். என்ன வேணா பண்ணு மாப்ளே" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுங்கள். திரும்பி வந்ததும் பதிவேட்டை மட்டும் பார்த்து, அவன் என்னென்ன செய்தான் என்று சொல்ல முடிகிறதா? இரண்டே நிமிஷத்தில் எல்லாவற்றையும் பழையபடி ஆக்க முடிகிறதா? முடிந்தால், தைரியமாக எக்ஸ்டர்னல் முன்னால் போய் நில்லுங்கள். முடியாவிட்டால் இன்னும் ஒரு வாரம் லேபில் உட்காருங்கள். அந்த ஒரு வாரம் வீண் போகாது.